1602 படையணி (ஜெனீவா)

1602 படையணி (பிரெஞ்சு மொழியில்: கொம்பனி தெ 1602) என்பது சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இயங்கிவரும் ஒரு வரலாற்று மீள்நிகழ்த்தல் சங்கம் ஆகும். 1602 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சவோய் நாட்டுப் படையினர் இரவில் ஏணி வைத்து மதில் ஏறி ஜெனீவாவைக் கைப்பற்ற முயன்று தோல்வியுற்ற நிகழ்வை இச்சங்கம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. 1926 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இச்சங்கத்தின் உறுப்பினர்கள் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்க கால உடைகளையும் போர்க்கருவிகளையும் அணிந்து, டிசம்பர் 12 ஆம் நாளை ஒட்டிய வார இறுதியில் நகரின் பழைய பகுதியில் அணிவகுப்பும் படைக்கலப் பயிற்சிகளும் நடத்துகின்றனர். இவ்விழா லெஸ்கலாட் என அழைக்கப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு ஏணி வைத்து மதில் ஏறுதல் என்பது பொருள்.

வரலாற்றுப் பின்னணி

இடைக்காலத்தில் ஜெனீவா ஓர் ஆயரின் ஆட்சியில் இருந்தது. சுற்றியிருந்த நிலப்பகுதிகள் பெரும்பாலும் சவோய் கோமகன்களுக்கு உரியவை. 1536 ஆம் ஆண்டில் ஜெனீவா சீர்திருத்தக் கிறித்தவத்தை ஏற்றுத் தன்னாட்சி பெற்ற குடியரசாக மாறியது. பின்னர் ஜான் கால்வினின் பணியால் இந்நகர் ஐரோப்பிய சீர்திருத்தத் திருச்சபைகளின் முதன்மை நடுவங்களுள் ஒன்றாயிற்று. 1584 ஆம் ஆண்டில் பேர்ன், சூரிச் ஆகிய சுவிசு மாநிலங்களுடன் ஜெனீவா கூட்டணி உடன்படிக்கை செய்துகொண்டது.

1580 ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த சவோய் கோமகன் முதலாம் சார்லசு இம்மானுவேல், ஜெனீவாவை மீண்டும் தம் ஆட்சியின் கீழ்க் கொண்டுவர விரும்பினார். இதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, ஆல்ப்சு மலைகளுக்கு வடக்கே உள்ள தமது நிலங்களுக்கு அந்நகரைத் தலைநகராக்கும் எண்ணம். இரண்டாவது, சீர்திருத்தக் கிறித்தவத்தின் வலுவான கோட்டை ஒன்றை வீழ்த்தும் நோக்கம். அவர் எசுப்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பின் மகளை மணந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1601 ஆம் ஆண்டின் லியோன் உடன்படிக்கையில் பிரெசு, பூசே, செக்சு முதலிய பகுதிகளைப் பிரான்சிடம் இழந்த பின்னர், ஜெனீவாவின் மீதான அவரது நாட்டம் மேலும் மிகுந்தது.

1602 ஆம் ஆண்டுத் தாக்குதல்

1602 டிசம்பர் 11 ஆம் நாள் இரவு, 2000 பேருக்கும் மேற்பட்ட சவோய் படை ஜெனீவாவை நோக்கி நகர்ந்தது. அக்காலத்தில் சவோய்க்கும் ஜெனீவாவுக்கும் இடையே போர் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. சவோயின் படைத்துணைத் தலைவரான சார்ல் தெ சிமியான் தல்பீனி இப்படைக்குத் தலைமை தாங்கினார். கோமகனும் நகருக்கு அருகே வந்து காத்திருந்தார்.

தாக்குதல் திட்டம் இரு கட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழு ஒன்று ஏணிகள் வழியே கொரட்டரி எனப்படும் பகுதியின் மதிலில் ஏற வேண்டும். பின்னர் அக்குழு நகருக்குள்ளிருந்தே புதுவாயில் எனப்பட்ட கோட்டைக் கதவை வெடிவைத்துத் தகர்த்து, வெளியே காத்திருக்கும் பெரும்படையை உள்ளே விடவேண்டும். இதற்காகக் கொண்டுவரப்பட்ட ஏணிகள், பல துண்டுகளாகப் பிரித்து மீண்டும் பொருத்தக்கூடியவை. இருளில் தெரியாதிருக்க அவற்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. மதிலின் மீது உராயும்போது ஓசை எழாதிருக்க, அவற்றின் மேல்முனைகளில் கம்பளித் துணி சுற்றப்பட்ட உருளைகள் பொருத்தப்பட்டிருந்தன.

நள்ளிரவுக்குப் பின்னர் புருனோலியூ என்பவரின் தலைமையில் வீரர்கள் மதில் ஏறத் தொடங்கினர். ஏறக்குறைய இருநூறு பேர் உள்ளே இறங்கிய நிலையில், அதிகாலை 2 மணிக்குப் பின்னர் ஓசை கேட்டு வந்த காவலர்கள் அவர்களைக் கண்டனர். துப்பாக்கி ஒன்று வெடித்தது. தொடர்ந்து ஆலய மணிகள் ஒலிக்க, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து கையில் கிடைத்த கருவிகளுடன் தெருவுக்கு வந்தனர்.

தாக்குதலின் முடிவைத் தீர்மானித்தவை இரு செயல்களாகும். புதுவாயிலில் காவலிலிருந்த இசாக் மெர்சியே என்ற வீரர், மேலே தொங்கவிடப்பட்டிருந்த கனத்த கம்பிக் கதவின் கயிற்றை வெட்டினார். கதவு கீழே விழுந்து வழியை அடைத்ததால் வெடிவைக்கும் வேலை பயனற்றுப் போயிற்று. வெடிவைக்க வந்த பீக்கோ என்பவரும் கொல்லப்பட்டார். அடுத்ததாக, கோட்டைக் கொத்தளம் ஒன்றிலிருந்து சுடப்பட்ட பீரங்கி, மதிலில் சார்த்தியிருந்த ஏணிகளை நொறுக்கியது. உள்ளே இருந்தவர்கள் திரும்பிச் செல்ல வழியின்றிச் சிக்கிக்கொண்டனர். வெளியே இருந்தவர்கள் உள்ளே நுழைய வழியின்றிப் பின்வாங்கினர்.

ஜெனீவா தரப்பில் 18 பேர் உயிரிழந்தனர். முதியவரான நகர மன்ற உறுப்பினர் ஜான் கனாலும் அவர்களுள் ஒருவர். சவோய் தரப்பில் நகருக்குள் 54 பேர் இறந்தனர். உயிருடன் பிடிபட்ட 13 பேர் மறுநாளே தூக்கிலிடப்பட்டனர். போர் அறிவிப்பின்றி அமைதிக் காலத்தில் வந்தவர்கள் என்பதால், ஜெனீவா மன்றம் அவர்களைப் போர்க்கைதிகளாகக் கருதாமல் கொள்ளையராகவே கருதியது. இறந்தவர்களின் 67 தலைகளும் மதிலின் மீது காட்சிக்கு வைக்கப்பட்டன. உடல்கள் ரோன் ஆற்றில் எறியப்பட்டன.

அப்போது 83 வயதினராயிருந்த இறையியலாளர் தெயோடோர் பேசா, அன்றைய நன்றி வழிபாட்டில் 124 ஆம் திருப்பாடலைப் பாடச் செய்தார். 1603 சூலை 21 அன்று கையெழுத்தான சேன் சூலியன் உடன்படிக்கையின் வழியாக, சவோய் கோமகன் ஜெனீவாவின் தன்னாட்சியை ஏற்றுக்கொண்டார். நகரைச் சுற்றி நான்கு லீக் தொலைவுக்குள் படை திரட்டவோ கோட்டை கட்டவோ கூடாது என்பதும் அதன் விதிகளுள் ஒன்றாகும்.

நாள் பற்றிய குறிப்பு

1582 ஆம் ஆண்டில் கிரெகோரியன் நாட்காட்டி அறிமுகமானபோதிலும், சீர்திருத்தக் கிறித்தவ நகரான ஜெனீவா 1700 ஆம் ஆண்டின் இறுதிவரை பழைய யூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. எனவே ஜெனீவாவின் கணக்கில் டிசம்பர் 11-12 ஆக இருந்த இரவு, சவோயின் கணக்கில் டிசம்பர் 21-22 ஆகும். அதாவது, தாக்குதல் ஆண்டின் மிக நீண்ட இரவுகளுள் ஒன்றில் நிகழ்ந்தது. நாட்காட்டி மாறிய பின்னரும் விழா டிசம்பர் 12 ஆம் நாளை ஒட்டியே கொண்டாடப்படுகிறது.

விழாவின் வளர்ச்சி

தொடக்கத்தில் இந்நாள் வழிபாட்டுடனும் குடும்ப விருந்துகளுடனும் நினைவுகூரப்பட்டது. 1798 முதல் 1813 வரை ஜெனீவா பிரான்சுடன் இணைக்கப்பட்டிருந்த காலத்தில் பொதுக் கொண்டாட்டம் தடைப்பட்டது. 1815 ஆம் ஆண்டில் ஜெனீவா சுவிசுக் கூட்டமைப்பில் ஒரு மாநிலமாக இணைந்தது. 19 ஆம் நூற்றாண்டில் விழா மீண்டும் உயிர்பெற்றாலும், அதன் வடிவம் பெரும்பாலும் முகமூடி அணிந்து தெருக்களில் கூத்தாடும் களியாட்டமாக மாறியது. வரலாற்று நினைவு மங்கிவிட்டது எனக் கருதிய சிலர், அந்நூற்றாண்டின் இறுதியில் விழாவைச் சீரமைக்கும் முயற்சியைத் தொடங்கினர். இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 1926 ஆம் ஆண்டில் 1602 படையணி உருவாயிற்று. அதன் நூறாவது ஆண்டு 2026 ஆகும்.

படையணியின் அமைப்பு

படையணி அரசுப் படையின் பகுதி அன்று. ஊதியம் பெறாத ஆர்வலர்களைக் கொண்ட சங்கம் ஆகும். பல குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே பங்கேற்கின்றனர். அணிவகுப்பில் சுமார் 800 பேர் உடையணிந்து செல்கின்றனர். அவர்கள் கீழ்க்காணும் குழுக்களாகப் பிரிந்துள்ளனர்.

• நெடுவேல் வீரர்: ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள மரக்கம்பின் நுனியில் இரும்பு முனை பொருத்தப்பட்ட வேலைத் தாங்கியவர்கள். குதிரைப்படையைத் தடுத்து நிறுத்துவது இவர்களின் பணியாக இருந்தது.

• ஆர்க்கபசு வீரர்: எடை குறைந்த திரித்துப்பாக்கியை ஏந்தியவர்கள்.

• மசுகெத்து வீரர்: எடையும் குழல் நீளமும் மிகுந்த துப்பாக்கியை ஏந்தியவர்கள். துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவதற்குக் கவைக்கோல் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வர்.

• குதிரை வீரரும் கட்டியங்காரரும்: மார்புக்கவசம் அணிந்த குதிரை வீரர்களுடன், அறிவிப்பை வாசிக்கும் கட்டியங்காரரும் குதிரையில் வருவார்.

• குழல் இசைஞரும் முரசு அறைவோரும்: இவர்கள் நடையின் தாளத்தை வழங்குகின்றனர். அக்காலப் போர்க்களத்தில் கட்டளைகளும் முரசொலி வழியாகவே வீரர்களைச் சென்றடைந்தன.

• குடிமக்கள்: நகர மன்றத்தினர், குருமார், கைவினைஞர், உழவர், பெண்கள், சிறுவர் ஆகியோர். தாக்குதலின்போது பெயர்பெற்ற இசாக் மெர்சியே, அன்னை ரோயோம் முதலியோரின் வேடங்களும் இவற்றுள் அடங்கும். நகரின் கொலைத்தண்டனையாளராக இருந்த தபசானின் வேடமும் அணிவகுப்பில் இடம்பெறும்.

படைக்கலங்களும் பயிற்சியும்

படையணியினர் காட்டும் துப்பாக்கிப் பயிற்சி பார்வையாளர்களை மிகவும் ஈர்ப்பது. அக்காலத் துப்பாக்கிகளில் தீக்கல்லோ தோட்டாவோ இல்லை. வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய சணல் கயிறே திரியாகப் பயன்பட்டது. விசையை அழுத்தும்போது, கனன்றுகொண்டிருக்கும் திரியின் முனை சிறு கிண்ணத்தில் உள்ள மருந்தின் மீது படும். அது பற்றிக்கொண்டு, ஒரு சிறு துளையின் வழியாகக் குழலுக்குள் இருக்கும் மருந்தை வெடிக்கச் செய்யும்.

இம்முறையில் ஒருமுறை சுடுவதற்குப் பல படிகள் தேவைப்பட்டன. திரியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி விரல்களிடையே பிடித்தல், கிண்ணத்தில் மருந்திடுதல், மூடுதல், குழலில் மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்தல், மீண்டும் திரியைப் பொருத்துதல், ஊதிக் கனலச் செய்தல், குறிபார்த்தல் எனப் படிகள் நீளும். எரியும் திரியும் திறந்த வெடிமருந்தும் ஒரே கையாளின் அருகில் இருந்தமையால், வரிசை தவறினால் தனக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து நேரும். இதனாலேயே அக்காலப் படைகள் ஒவ்வோர் அசைவையும் கட்டளைக்கு ஏற்பச் செய்யப் பழகின. டச்சு ஓவியர் யாக்கோபு தெ கெய்ன் 1607 ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சிநூல் இதற்குச் சிறந்த சான்றாகும். அதில் சிறுதுப்பாக்கிக்கு 42, மசுகெத்துக்கு 43, நெடுவேலுக்கு 32 என மொத்தம் 117 நிலைகள் செதுக்கோவியங்களாக உள்ளன. 17 ஆம் நூற்றாண்டுப் படைகளை மீள்நிகழ்த்துவோர் பல நாடுகளில் இந்நூலைப் பயன்படுத்துகின்றனர்.

மழையும் ஈரமும் திரியை அணைத்துவிடும் என்பதால், குளிர்கால இரவில் இத்துப்பாக்கிகளை நம்பியிருப்பது எளிதன்று. டிசம்பர் மாதத்தில் நிகழ்த்தப்படும் பயிற்சிகளில் இக்குறைபாட்டைப் பார்வையாளர்கள் நேரிலேயே காணமுடிகிறது. பயிற்சியின்போது குண்டு இடப்படுவதில்லை. கரிமருந்து மட்டுமே வெடிக்கப்படுகிறது.

விழா நிகழ்ச்சிகள்

விழா வழக்கமாக வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிவடைகிறது. மூன்று நாட்களிலும் பழைய நகரின் தெருக்களில் துப்பாக்கிச் சூடு, பீரங்கிச் சூடு, நெடுவேல் பயிற்சி, இசை ஆகியவை இடம்பெறும். பூர் து ஃபூர் சதுக்கமும் சேன் பியேர் பேராலயச் சுற்றுப்புறமும் மக்கள் கூடும் முக்கிய இடங்களாகும். மொனத்தியே சந்து எனப்படும் குறுகலான பழைய வழி, இவ்விழாவின்போது மட்டுமே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. குளிருக்கு இதமாகக் காய்கறிச் சாறும் நறுமணப் பொருட்கள் இட்டுச் சூடாக்கிய திராட்சை மதுவும் விற்கப்படும்.

ஞாயிறு மாலை நடைபெறும் தீப்பந்த அணிவகுப்பு விழாவின் உச்சமாகும். அணிவகுப்பு குறிப்பிட்ட இடங்களில் நின்று செல்லும். அங்கெல்லாம் கட்டியங்காரர் குதிரையில் அமர்ந்தவாறே அறிவிப்பை உரக்க வாசிப்பார். இறுதியில் சேன் பியேர் பேராலயத்தின் முன் பெருந்தீ மூட்டப்படும். அப்போது கூடியுள்ளோர் அனைவரும் செ கெ லைனோ என்னும் பாடலைப் பாடுவர். ஜெனீவா மாநிலத்தின் பண்ணாகிய இப்பாடல் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்டது. ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை. இதில் 68 கண்ணிகள் உள்ளன. வழக்கத்தில் நான்கு மட்டுமே பாடப்படுகின்றன. பாடலின் மொழி, அக்காலத்தில் ஜெனீவாவிலும் சவோயிலும் ஒருங்கே பேசப்பட்ட பிராங்கோ-புரோவென்சால் ஆகும். இன்று ஜெனீவாவில் அம்மொழி வழக்கொழிந்துவிட்டது. எனவே பாடுவோரில் பெரும்பாலோர் பொருளைத் தனியே கற்றே அறிகின்றனர்.

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டில் அணிவகுப்பு நடைபெறவில்லை.

அன்னை ரோயோமும் இனிப்புக் கொப்பரையும்

தாக்குதலோடு தொடர்புடைய பெயர்களுள் மிகவும் அறியப்பட்டது அன்னை ரோயோம் ஆகும். கத்தரீன் செனேல் என்பது இவரது இயற்பெயர். லியோன் நகரிலிருந்து வந்து குடியேறிய இவர், பியேர் ரோயோம் என்பவரின் மனைவி. 14 பிள்ளைகளின் தாய். நாணயச்சாலை வாயிலுக்கு மேலிருந்த தம் வீட்டுச் சன்னலிலிருந்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கொப்பரையோடு எதிரியின் தலையில் எறிந்தார் என்பது வழக்கு.

இதன் நினைவாக, விழாக் காலத்தில் சாக்கொலேட்டால் செய்யப்பட்ட கொப்பரைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றின் உள்ளே காய்கறி வடிவிலான பாதாம் இனிப்புகள் நிறைந்திருக்கும். வீட்டிலோ வகுப்பறையிலோ உள்ளவர்களில் மூத்தவரும் இளையவரும் கைகளைச் சேர்த்துக் கொப்பரையை உடைப்பர். குடியரசின் பகைவர் இவ்வாறே அழிந்தனர் என்னும் பொருளுடைய சொற்றொடரை அப்போது கூறுவது மரபு. பள்ளிகளில் மாணவர்களே காய்கறிகளை நறுக்கிச் சாறு சமைப்பதும் வழக்கமாகும்.

வரலாறும் மரபுவழிச் செய்தியும்

மீள்நிகழ்த்தலில் பதிவுபெற்ற வரலாறும் மக்களிடையே வளர்ந்த கதைகளும் அருகருகே இடம்பெறுகின்றன. தாக்குதலின் நாள், ஏணிகள், இறந்தோர் தொகை, உடன்படிக்கை ஆகியவை அக்கால ஆவணங்களால் உறுதிப்படுபவை. பெண்ணொருத்தி எறிந்த பாத்திரத்தால் எதிரி ஒருவன் வீழ்ந்தான் என்ற செய்தியும் பழமையானதே. ஆனால் பாத்திரத்தில் இருந்த சாறு, அதன் காய்கறிகள் முதலிய விவரங்கள் பின்னர் வந்த கதைசொல்லல்களில் வளர்ந்தவை ஆகும்.

பகைவரை நினைவுகூரும் முறையும் மாறியுள்ளது. சவோய் பகுதி 1860 ஆம் ஆண்டில் பிரான்சுடன் இணைந்தது. இன்று அப்பகுதியிலிருந்து பல்லாயிரம் பேர் நாள்தோறும் எல்லை கடந்து ஜெனீவாவில் வேலை செய்கின்றனர். கத்தோலிக்கர்களும் வெளிநாட்டினரும் நகர மக்கள்தொகையில் பெரும் பங்கினர். ஒரு சமயத்தின் வெற்றியாகவும் ஓர் அண்டை நாட்டின் தோல்வியாகவும் தொடங்கிய நினைவு, இன்று சிறு குடியரசு ஒன்று தன்னுரிமையைக் காத்துக்கொண்ட நாளாகவும் நகரத்தார் அனைவருக்கும் பொதுவான விழாவாகவும் கொள்ளப்படுகிறது. எனினும் வெற்றியுடன் சேர்த்து 13 கைதிகளின் தூக்குத்தண்டனையும் அந்த இரவின் வரலாற்றில் பிரிக்க முடியாத பகுதியாக உள்ளது. தபசானின் வேடம் அணிவகுப்பில் தொடர்வது அதனை நினைவூட்டுகிறது.

சுவிட்சர்லாந்துக் கூட்டரசின் பண்பாட்டு அலுவலகம் தொகுத்துள்ள வாழும் மரபுகள் பட்டியலில் இவ்விழாவும் இடம்பெற்றுள்ளது.

தொடர்புடைய இடங்கள்

• சேன் செர்வே ஆலயம்: தாக்குதலில் உயிரிழந்த 18 ஜெனீவா குடிமக்களின் நினைவுச்சின்னம் இங்கு உள்ளது.

• லெஸ்கலாட் நீரூற்று: சிற்பி டோரர் வடித்த இந்நினைவுச் சிற்பம் 1857 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழைய நகருக்குச் செல்லும் சித்தே தெருவின் அடியில் அமைந்துள்ளது.

• கொரட்டரி தெரு: ஏணிகள் சார்த்தப்பட்ட மதில் இருந்த பகுதி. மதில் இப்போது இல்லை. வங்கிகளும் கடைகளும் நிறைந்த தெருவாக உள்ளது.

• கலை, வரலாற்று அருங்காட்சியகம்: தாக்குதலோடு தொடர்புடைய ஏணிப் பகுதிகளும் தலைக்கவசங்களும் நகரின் அருங்காட்சியகத் தொகுப்புகளில் பாதுகாக்கப்படுகின்றன.

லெஸ்கலாட் ஓட்டம்

1978 ஆம் ஆண்டு முதல் இதே பெயரில் ஓட்டப்போட்டி ஒன்றும் பழைய நகரின் தெருக்களில் நடைபெற்று வருகிறது. பல்லாயிரக்கணக்கானோர் பங்கேற்கும் இப்போட்டியின் இறுதியில் வேடமணிந்து ஓடும் பிரிவும் உண்டு. இது தனி அமைப்பால் நடத்தப்படுவது. 1602 படையணியின் நிகழ்ச்சி அன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் ஒரே விழாவாகக் கருதுவது பொருந்தாது.